சாப்பாட்டுக்குப் பின்

தேவகோட்டையில் ராத்திரி பத்தேகாலுக்கு
மருந்துக்கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப்
பின்னால் இருக்கும் கிடங்குக்குள் போவேன்.
பஞ்சு உருளைகள், நாப்கின் பெட்டிகள்,
பிறந்ததுக்கும் படுத்துவிட்டதுக்கும் தனித்தனி டயப்பர் மூட்டைகள்.
சத்தத்தை விழுங்குவதில் இதுகளை மிஞ்ச ஆளில்லை.
இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் ஆனது.

அதற்கு முன்னால் ஒரு ஞாயிறு
தெய்வானை வேலை பார்க்கும் பெரிய வீட்டில்
கல்யாணம் இல்லாத நாளாகப் பார்த்துக்
கூடத்தின் நடுவில் நின்றேன்.
முட்டை வெள்ளையில் மினுங்கும் சுவர்,
ஆத்தங்குடிக் கல் பாவிய தரை.
'வணக்கம்' என்றேன்.
ஒன்பது பேர் திரும்பச் சொன்னார்கள்.
ஒன்பதும் நான்.
பார்க்க நல்ல வீடு, பதிவுக்கு ஆகாது.
தெய்வானை சிரித்ததும் ஒன்பதாகத்தான் பதிவாயிருக்கிறது.
அதை மட்டும் அழிக்கவில்லை.

முதல் தடவை ஹெட்போனில் கேட்டபோது
யாரிவள், என் மூக்குக்குள் உட்கார்ந்து பேசுகிறாள் என்றிருந்தது.
இரண்டு நாள் யாருடனும் அதிகம் பேசவில்லை.

மைக் இரண்டாயிரத்து நானூறு, மூன்று தவணை.
'ப' என்றால் வெடிக்கும்.
பருப்புப் பொடி விளம்பரம்
பட்டாசுக் கடை விளம்பரமாகிக்கொண்டிருந்தது.
பூத்தையல் வளையத்தில் பழைய லெக்கின்ஸை இழுத்து மாட்டி
மைக்குக்கு முன்னால் நிறுத்தினேன்.
நேரே பேசாமல் கொஞ்சம் ஒதுங்கிப் பேசினேன்,
வெங்காயம் தின்றுவிட்டு வந்தவள் மாதிரி.
வெடி அடங்கியது.
மூச்சு அடங்கவில்லை. கேட்டுப் பார்த்தால்
வரிக்கு வரி யாரோ மாடிப்படி ஏறுகிறார்கள்.

'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.'
எல்லா அட்டையிலும் இருக்கிற வாக்கியம்.
இருபத்தாறு வயது வரைக்கும்
அதை நான் 'கொளந்தை' என்றுதான் சொல்லியிருக்கிறேன்.
நாக்கை உள்ளே மடக்கி, எங்கும் ஒட்டாமல் நிறுத்தி,
ராம் நகர் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம்
குழந்தை, குழந்தை, குழந்தை.
பக்கத்தில் நின்ற அம்மா கேட்டார்:
'கல்யாணமாகி எத்தனை வருசமாச்சும்மா?'

பார்த்த மாத்திரத்தில் தடுக்காமல் வாசிப்பது
இந்தத் தொழிலில் பெரிய வித்தையாம்.
டாக்டர் கதிரேசன் கிறுக்கும் சீட்டை
தினம் அறுபது தரம் வாசிக்கிறவளுக்கு
அது ஒன்றுதான் சும்மா கிடைத்தது.

மாதிரிக் குரல் முப்பத்தோரு இடத்துக்குப் போனது.
ஒரே ஒரு பதில்:
'குரலில் சிரிப்பு வேண்டும். ஆனால் சிரிக்கக் கூடாது.'
கடையில் பழகிப் பார்த்தேன்.
காய்ச்சலில் வந்தவர் முறைத்துவிட்டுப்
பக்கத்துக் கடைக்குப் போனார்.
முதலாளி என்னைப் பார்த்தார். நான் பில்லைப் பார்த்தேன்.

ஆடி முடிகிற சமயம் மதுரை ஆஸ்பத்திரி ஒன்று கூப்பிட்டது.
மாத்திரை வேளையை போனில் நினைவூட்டும் குரல்,
நாற்பத்தாறு வாக்கியம், ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
மூன்று ராத்திரி பேசினேன்.
கரண்ட் போனது, தெருநாய், லாரி ஹாரன்,
'இரவு' என்ற சொல்லுக்கு மட்டும் பதினேழு முறை.
பணம் வந்த அன்று மைக்கின் கடைசித் தவணை கட்டினேன்.

போன செவ்வாய்க்கிழமை
லாரி ஷெட் வாட்ச்மேன் அடைக்கலம் வந்தார்,
சக்கரைக்கும் பிரஷருக்கும்.
நான் வழக்கம்போல் கடகடவென்று சொன்னேன்.
கையை உயர்த்தினார்.
'ஏம்மா சகாயமேரி, வண்டிய வெரட்டுற மாதிரியே சொல்றியே.
மதுரை ஆஸ்பத்திரியிலேர்ந்து போன்ல ஒரு பொண்ணு பேசுது,
என்ன பொறுமை, என்ன தெளிவு.
அதுகிட்டக் கேட்டுக் கத்துக்க.'

'சரிங்கய்யா' என்றேன்.
கவரில் மாத்திரையைப் போட்டேன்,
தோளை இறக்கினேன்,
அடிவயிற்றிலிருந்து மூச்செடுத்து
அவளாகச் சொன்னேன்:
'இரவு. சாப்பாட்டுக்குப் பின். ஒன்று.'

அவர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.
'என்ன சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு.'

இரண்டாவது டேக்.